இழைத்த கதவு

சுரங்கக் குழியின் வடக்கு விளிம்பில் இருந்த அளவைக் கொட்டகையின் கதவைத் தச்சர் அந்த மழைக்காலத்தில் இரண்டாம் தடவையாக இழைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்தக் கதவு வளருது" என்றார். "தண்ணி கிண்ணி ஊத்தி வளர்க்கிறீங்களா?"

"மழையில மரம் ஊதும்னு போன தடவை நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன். இவ்வளவு ஊதும்னு சொல்லலையே." மேல் மூலையை விரலால் தட்டிக் காட்டினார். "எப்பவும் இங்கேயே இடிக்குது. இந்த மூலைக்கு மட்டும் நல்ல சாப்பாடு போல."

அவள் சிரித்தாள். கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

அந்தத் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அவள்தான் சரிவுப் பொறியாளர். சுவர் எப்போது சரியும் என்று முன்கூட்டிச் சொல்வது வேலை. சரியாமல் இருக்கும்வரை சும்மா சம்பளம் வாங்குவதாகப் பெயர். குழிக்குள் இருப்பவர்கள் அவளை முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், வாக்கி டாக்கியை அணைத்த பிறகு சோசியர் என்பார்கள். சில நாள் அணைக்க மறந்துவிடுவார்கள்.

கொட்டகையின் நடுவே இடுப்பளவு சிமெண்ட் தூண். அதன் மேல் அளக்கும் கருவி. மணிக்கொரு முறை அது கோழிபோலக் கழுத்தைத் திருப்பி, குழிக்கு அப்பால் தெற்குச் சுவரில் அறைந்திருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தூரத்தை அளக்கும். நேற்றைய தூரமே இன்றும் என்றால் திரையில் பச்சைப் புள்ளி. தூரம் குறைந்தால் சுவர் குழியை நோக்கி வருகிறது என்று பொருள். புள்ளி மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும்.

அளக்கிற கருவி அசையாமல் இருக்கிறதா என்பதைச் சோதிக்க ஓர் ஆதாரத் தூண் உண்டு. கருவி ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அதைப் பார்த்துத் தன் இடத்தை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் மற்றவற்றைப் பார்க்கும். பழைய ஆதாரத் தூண் தொலைவில் தண்ணீர்த் தொட்டிக் குன்றின் மேல் இருந்தது. குழியிலிருந்து அள்ளிய கழிவு மண் இடையில் மேடாகிக் குன்றை மறைத்துவிட்டது. குன்றில் வேறிடம் தேடிப் புதுத் தூண் எழுப்ப வேண்டுமென்றால் சிமெண்ட் சுமக்க ஆள் வேண்டும், பாதை வெட்ட வேண்டும், நில அளவைப் பிரிவோடு மல்லுக்கட்ட வேண்டும். மழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலித்த பாறையில் அவள் ஒரு தூணை எழுப்பினாள். தற்காலிகம்தான். மழை விட்டதும் குன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். வடக்குச் சுவர் பழைய சுவர், கெட்டிப் பாறை. அது அசைந்ததாக யாருக்கும் நினைவில்லை. அதில் ஒரு கண்ணாடிகூட அறையவில்லை. வாரம் ஒருமுறை கீழே நடந்து பார்ப்பதோடு சரி.

மழை பிடித்துக்கொண்ட பிறகு தெற்குச் சுவர் நகரத் தொடங்கியது.

முதலில் மயிரிழை. பிறகு நாள்தோறும் ஓர் அரிசியின் பருமன். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்து கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று அவளை வியக்க வைத்தது. படிகளாக வெட்டிய சுவரின் மேல் படியில் உள்ள கண்ணாடியும் அடிப் படியில் உள்ளதும் ஒரே அளவு நகர்ந்தன. வழக்கமாகச் சுவர் இப்படி வராது. ஓரிடம் முந்தும், ஓரிடம் பிந்தும். எல்லாம் சேர்ந்து வருகிறதென்றால் சரிவு மிக ஆழத்தில் இருக்கிறது, சுவர் மொத்தமும் ஒரே துண்டாகக் கிளம்பியிருக்கிறது என்று அவள் முடிவுக்கு வந்தாள். படித்ததில் உண்டு, பார்த்ததில்லை. பயத்தோடு கொஞ்சம் பெருமிதமும் இருந்தது. இப்படி ஒரு சரிவை வாழ்நாளில் ஒருமுறை பார்ப்பதே அபூர்வம்.

தெற்குப் பக்கத்தைக் காலி செய்யச் சொன்னாள். மண்வாரி இயந்திரங்கள், டம்பர் லாரிகள், தொழிலாளர்கள் உட்கார்ந்து சாப்பிடும் தகரக் கூடம், வெடிப் பிரிவின் சாமான்கள் எல்லாம் குழியின் அடித்தளத்தைக் கடந்து வடக்குச் சுவரின் காலடிக்கு வந்தன.

"சோசியர் சொல்லிட்டாங்க, வாஸ்து சரியில்லையாம். வீட்டைத் திருப்பி வைங்கடா" என்றார் ஷிப்ட் போர்மேன். எப்போதும் வாயைப் பிளந்துகொண்டே பேசுவதால் அவருக்குக் கொட்டாவி என்று பெயர்.

அடுத்த கேள்வி, சுவர் ஏன் நகர்கிறது என்பது. மேலாளர் அறையில் கூட்டம். நீள மேசை, சுவரில் திரை. அவள் படத்தைப் போட்டாள். நகர்வு தொடங்கிய வாரத்தில்தான் தெற்கே பெரிய வெடி வைத்திருந்தார்கள். தேதிகள் ஒத்துப்போயின. வெடியின் அதிர்வு பாறையைத் தளர்த்தியிருக்க வேண்டும், அளவுக்கு மீறி மருந்து நிரப்பியிருக்க வாய்ப்புண்டு என்றாள்.

வெடி வைத்தவர் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய அக்காவின் கணவர். அவள் வருவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே அங்கே வெடி வைக்கும் வேலையில் இருந்தவர். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது விண்ணப்பத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.

"டிசைன்ல என்ன அளவு இருந்துச்சோ அதைத்தான் போட்டேன்" என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் சொல்லலை, கருவி சொல்லுது" என்றாள் அவள். அலுவலகத்தில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கு எப்போதுமே குழப்பம். அன்று அத்தான் என்றும் சொல்லவில்லை, சார் என்றும் சொல்லவில்லை.

விசாரணை முடியும்வரை வெடிப் பிரிவிலிருந்து விலக்கி அவரை உதிரிபாக ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஹோஸ் பைப்பும் பில்டரும் எடுத்துக் கொடுக்கும் வேலை.

இரண்டு குடும்பமும் ஒரே குடியிருப்பில் மேல் மாடியும் கீழ்த்தளமுமாக இருந்தன. தண்ணீர் மோட்டார் ஒன்றுதான். விடிந்ததும் யார் முதலில் எழுந்தாலும் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மற்றவருக்குக் குரல் கொடுப்பார்கள். "தொட்டி நிரம்பினா நிறுத்து" என்று அக்கா மேலிருந்து கத்துவதில்தான் அவளுக்குப் பொழுதே விடியும். கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து மோட்டார் ஓடியது, நின்றது. குரல் வரவில்லை.

அக்கா சண்டை போடவில்லை. கொடியில் துணி எடுக்க வந்த இடத்தில் ஒருநாள் எதிரெதிரே நின்றார்கள். அக்கா கையிலிருந்த சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ நல்லாப் பார்த்துட்டுத்தான் சொன்னியா?"

"அக்கா, இதுல நான் பார்க்கிறதுக்கு ஒண்ணுமில்ல. கருவி பொய் சொல்லாது."

"நான் கருவியைக் கேட்கலையே" என்றாள் அக்கா. கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. சொந்தக்காரர் என்பதற்காகச் சுவரை விட்டுக்கொடுக்க முடியுமா? கணவனிடம் அதையே சொன்னாள். அவன் வேறு ஊரில் வேலை பார்த்தான், வார இறுதியில் வருவான். "நீ சொன்னது சரியாத்தான் இருக்கும். ஆனா 'வாய்ப்புண்டு'ன்னு ஒரு வார்த்தை சொன்னியே, அது உனக்கு எங்கேயிருந்து கிடைச்சது?" என்றான். அவள் பேச்சை மாற்றினாள்.

விடாமல் பெய்த மழை ஒரு பகலில் ஓய்ந்தது. வெயிலைக் கண்டதும் அவள் கொட்டகைக்குப் போனாள். கதவு இடிக்கவில்லை, தானாகவே திறந்துகொண்டது. தாழ்ப்பாள் துளையை விட்டு விலகித் தொங்கியது. உள்ளே போய்ச் சாத்தினாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மேலே மூடியிருந்தது, கீழே விரல் நுழையும் அளவு இடைவெளி. மேலிருந்து கீழாக வெளிச்சம் ஓர் ஆப்பு மாதிரி விரிந்திருந்தது.

தச்சர் இழைத்துத் தள்ளிய மரச்சீவல்கள் இன்னும் மூலையில் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். ஊதின மரம் நாலு பக்கமும் ஊதும், ஒரு மூலைக்கு மட்டும் வளராது. நிலைதான் கோணலாகியிருக்கிறது. நிலை கோண வேண்டுமென்றால் தரை கோண வேண்டும்.

அதை நினைத்த கணத்தில் முழுவதையும் நினைத்துவிட்டாள். ஆனாலும் பார்க்காமல் நம்ப மனம் ஒப்பவில்லை. நல்லாப் பார்த்துட்டுத்தான் சொன்னியா?

பின்பக்கம் நடந்தாள். ஆதாரத் தூண் இருந்த இடத்தில் இருந்தது. அதைத் தாண்டிப் போனாள். மழையில் மண்டிய களைச்செடிகள் முழங்கால் உயரம். அவற்றுக்குள் பழைய கன்வேயர் பட்டை ஒன்றை யாரோ போட்டு வைத்திருந்தார்கள். அதை இழுத்தாள். அடியில் தரை பிளந்திருந்தது. கை முழுக்க நுழையும் அகலம். உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம். பிளவு விளிம்புக்கு இணையாக இரு பக்கமும் செடிகளுக்குள் ஓடியது. கொட்டகையும் ஆதாரத் தூணும் அவளும் பிளவுக்கு இந்தப் பக்கம், குழிப் பக்கம் இருந்தார்கள்.

தெற்குச் சுவர் நகரவே இல்லை. நகர்ந்தது அவள் நின்ற இடம். கருவி ஆதாரத் தூணைப் பார்த்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து நகர்ந்ததால் தான் அசையவில்லை என்று நம்பியிருக்கிறது. எதிர்ச் சுவர்தான் கிட்டே வருகிறது என்று சொல்லியிருக்கிறது. அதனால்தான் மேல் படியும் கீழ்ப் படியும் ஒரே அளவு. அபூர்வமான சரிவு ஒன்றும் இல்லை. அவள் அதற்காகப் பெருமிதம் வேறு கொண்டிருந்தாள்.

விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நேர் கீழே தகரக் கூடத்தின் கூரை வெயிலில் பளபளத்தது. ஷிப்ட் மாறும் நேரம். போகிறவர்களும் வந்தவர்களும் அங்கேதான் இருப்பார்கள். அவள்தான் அங்கே கொண்டுவந்து வைத்தாள்.

பிளவைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடி நின்று வாக்கி டாக்கியை எடுத்தாள். தான் முதலில் பத்திரமான பக்கத்துக்கு ஓடியது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

"போர்மேன், கேட்குதா? வடக்குச் சுவருக்குக் கீழே இருக்கிற எல்லாரையும் வெளியேத்துங்க. உடனே."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு கொட்டாவியின் குரல். "மேடம், வடக்கா தெற்கா? தெற்கேயிருந்து வடக்கே வரச் சொன்னதும் நீங்கதான்."

"வடக்கு. வடக்குச் சுவர்."

"தெற்கும் ஆகாது, வடக்கும் ஆகாதுன்னா எங்களை என்ன வானத்துல தொங்கச் சொல்றீங்களா?" பின்னால் சிலர் சிரிப்பது கேட்டது. "கோவிச்சுக்காதீங்க. போன தடவை வேலையை நிறுத்தினதுக்கு மேலாளர் என்னை வறுத்து எடுத்துட்டாரு. அளவு இல்லாம நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு. ஏதாவது காட்டுதா?"

அவள் ஒரு நொடி கண்ணை மூடினாள்.

"காட்டுது" என்றாள். "கருவி காட்டுது. சிவப்பு."

உடனே இன்னொரு குரல் குறுக்கிட்டது. கன்ட்ரோல் ரூம் பெண். அதே திரை அவள் எதிரிலும் இருந்தது. பாவம், உதவுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். "மேடம், இங்கே வடக்குப் பக்கம் ஒண்ணுமே இல்லையே. அங்கே நம்ம கண்ணாடியே கிடையாது. தெற்குதான் சிவப்பு. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?"

அது எல்லாருக்கும் கேட்கும் அலைவரிசை. லாரி ஓட்டுநர்கள், பம்ப் ஆட்கள், வாசல் காவலர்வரை கேட்டார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"நான் பொய் சொன்னேன்" என்றாள். "கருவி காட்டலை. கருவியை நான் நகர்ற சுவர் மேலேயே வெச்சிருக்கேன். அதனால அதுக்குத் தெரியலை. தெற்கு நகரலை. வடக்குதான் வந்துகிட்டிருக்கு. மேலே பிளவு இருக்கு, நான் பக்கத்துல நிக்கிறேன். தயவுசெஞ்சு..."

பொத்தானை விட்டுவிட்டாள்.

அடுத்து அவள் கேட்டது வாக்கி டாக்கியில் அல்ல. குழிக்குள்ளிருந்து சைரன் எழுந்தது, நீளமாக, நிற்காமல். வெடிப் பிரிவின் கைச்சைரன். வெடி வைக்கும் முன் சுற்றுவது. அந்தச் சத்தத்தோடு மட்டும் அங்கே யாரும் வாதாடுவதில்லை. ஏன் என்று கேட்பதில்லை, டிபன் டப்பாவை மூடக்கூட நிற்பதில்லை. கால் தானாக ஓடும்.

தகரக் கூடத்திலிருந்து மனிதர்கள் சிதறித் தெற்கே ஓடினார்கள். கொட்டாவியின் மஞ்சள் தலைக்கவசம் உருண்டு விழுந்தது, அவர் எடுக்கவில்லை. கூடத்தின் பக்கத்தில், வெடிப் பிரிவின் சாமான்களுக்கு நடுவே, ஒருவர் மட்டும் குனிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசி ஆள் கடக்கும்வரை சுற்றினார். பிறகு சைரனை அப்படியே போட்டுவிட்டு, ஓடாமல், முட்டி வலிக்காரர் நடப்பதுபோல வேகவேகமாக நடந்து போனார். அந்த நடையை அவளுக்குத் தெரியும். மாடிப்படியில் தினமும் கேட்கிற நடை. ஹோஸ் பைப் கொண்டுவந்து கொடுக்க வந்த இடத்தில் அத்தான், தனக்கு உரிமை இல்லாத சைரனைச் சுற்றியிருந்தார்.

அவள் வண்டியில் ஏறி விளிம்பைச் சுற்றித் தெற்குக்குப் போனாள். எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள். யாரும் அவளுக்குப் பக்கத்தில் வரவில்லை. மேலாளர் வந்தார். நேரம் ஓடியது. சுவர் அப்படியே நின்றது. வெயிலில் காய்ந்து, நல்ல பிள்ளைபோல.

"என்ன, வருமா வராதா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வா என்று அவள் மனதுக்குள் சொன்னாள். விழுந்து தொலை. சொன்ன பிறகுதான் என்ன கேட்கிறோம் என்று புரிந்தது. எதற்காக வேலைக்கு வந்தாளோ அதற்கு நேர் எதிரானதை, தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, வேண்டி நின்றிருந்தாள். அதுவரை செய்த எல்லாவற்றையும்விட அது அவளைக் கூச வைத்தது.

அன்று விழவில்லை. மறுநாள் தெற்கு விளிம்பில் வேறொரு கருவியை வைத்து வடக்கை அளந்தார்கள். நகர்வு தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு விடிகாலையில் ஆளில்லாத குழிக்குள் வடக்குச் சுவர் இறங்கியது. கொட்டகை, ஆதாரத் தூண், கதவு, தகரக் கூடம் எல்லாம் மண்ணுக்கு அடியில் போயின. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

அதோடு எல்லாம் தலைகீழாயிற்று. கொட்டாவி அவளைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றினார். "மேடம், உங்களால என் பொண்டாட்டி பொட்டோடு இருக்கா" என்றார். லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திக் கையசைத்தார்கள். சோசியர் என்ற பெயர் ஒரே வாரத்தில் காணாமல் போயிற்று. கன்ட்ரோல் ரூம் பெண், "அன்னைக்கு நான் குறுக்கே பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று வந்து நின்றாள். அவள் பொய்யைக் காட்டிக்கொடுத்ததற்கு மன்னிப்பு! ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவள் தலை தாழ்ந்தது. அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அத்தான் உதிரிபாக ஸ்டோரிலேயே இருந்தார். வெடியால் தெற்குச் சுவர் தளர்ந்தது என்று அவள் கூட்டத்தில் சொன்னது அப்படியேதான் இருந்தது. அதை யாரும் திருப்பி எடுக்கவில்லை. அனுமதியில்லாமல் சைரன் சுற்றியதற்கு விளக்கம் வேறு கேட்டிருந்தார்கள்.

ஒருநாள் மாலை அவள் மாடி ஏறினாள். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். அத்தான் தரையில் உட்கார்ந்து மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பிரித்து வைத்திருந்தார்.

"அத்தான், என்னை மன்னிச்சிடுங்க. உங்க மேல தப்பே இல்ல. என் தப்புதான். நான் அவசரப்பட்டு..."

அவர் திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். "இதை ஏன் இங்கே வந்து சொல்றே?"

"உங்ககிட்டே சொல்லாம..."

"எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்றே." ரெகுலேட்டரை ஊதித் தூசியைப் போக்கினார். "எங்கே சொன்னியோ அங்கே சொல்லு."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டீ போடட்டுமா, அவ கிளம்பறாளா?"

"அவ கிளம்பறா" என்றார் அத்தான். கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

அடுத்த கூட்டம் அதே அறையில், அதே நீள மேசையில். விளக்கம் சொல்வதற்காக அத்தானையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேலாளர் நல்ல மனநிலையில் இருந்தார்.

"முதல்ல நம்ம மேடத்துக்கு ஒரு கைதட்டல்" என்றார். தட்டினார்கள். அத்தானும் தட்டினார், இரண்டு தட்டு. "அளவுல வந்த குழப்பத்தைக் கருவிக் கோளாறுன்னு போட்டுடலாம். கம்பெனிக்காரன்கிட்டே மாத்தித் தரச் சொல்லலாம். தெற்கு விஷயத்தை இதோட கலக்க வேண்டாம், அது தனி. என்ன மேடம்?"

அவள் முன்னால் ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருந்தது. தலையாட்டினால் போதும். அத்தானுக்கும் ஒருநாள் எப்படியோ வேலை திரும்பக் கிடைக்கும். அவர் அவளைப் பார்க்கவில்லை, மேசையில் காய்ந்திருந்த டீ வட்டத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கருவியில கோளாறு இல்ல சார்" என்றாள்.

"சொல்லுங்க, சொல்லுங்க."

"பஸ் ஸ்டாண்டுல நம்ம பஸ் நகரும்போது பக்கத்து பஸ் பின்னாடி போற மாதிரி இருக்கும் பாருங்க. அதுதான் நடந்தது. ஆதாரத் தூணைக் குன்று மேல வைக்கணும்னு எனக்குத் தெரியும். சோம்பல்பட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி வெச்சேன். எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவு நகர்றது இயற்கையில்லைன்னும் தெரியும். அப்பவே தூணைப் போய்ப் பார்த்திருக்கணும். பார்க்காம, அதுக்கு ஒரு பெரிய காரணம் கண்டுபிடிச்சேன். தெற்குச் சுவர் ஒரு மயிரிழைகூட நகரலை. நகராத சுவருக்கு வெடி காரணமாக முடியாது." மூச்சு வாங்கினாள். "மருந்து அதிகம் போட்டிருக்கலாம்னு நான் சொன்னதுக்கு எந்த அளவும் என்கிட்டே இல்ல. தேதி ஒத்துப்போச்சு, சொல்லிட்டேன். ஆபத்தே இல்லாத இடத்துல இருந்தவங்களை ஆபத்துக்குக் கீழே கொண்டுபோய் வெச்சதும் நான்தான். வாக்கி டாக்கியில முதல்ல பொய் சொன்னேன், எல்லாரும் கேட்டாங்க. அத்தான் சைரன் சுத்தலைன்னா யாரும் கிளம்பியிருக்க மாட்டாங்க."

அத்தான் என்ற சொல் அந்த அறையில் முதல்முறையாக அவள் வாயில் வந்திருந்தது. ஒருவர் இருமினார். மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார். கைதட்டியவர்களுக்குத் தங்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொட்டாவிகூட வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதை நீங்க யோசிச்சுட்டுத்தான் சொல்றீங்களா?" என்றார் மேலாளர். அவர் குரலில் பாராட்டின் சூடு போயிருந்தது.

"இந்தத் தடவை பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

அவளுக்கு எச்சரிக்கை கிடைத்தது. அவள் அளவுகளுக்கு மேல் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அத்தான் வெடிப் பிரிவுக்குத் திரும்பினார். வாக்கி டாக்கியில் சோசியர் என்ற பெயரும் திரும்பி வந்தது. முன்பைவிடச் சத்தமாக.

புதுக் கொட்டகையைத் தெற்கு விளிம்பில் கட்டினார்கள். குன்றின் மறுமுனையில் ஆதாரத் தூண் எழுந்தது. சிமெண்ட் சுமக்கிறவர்களோடு அவளும் ஏறினாள். இறங்கி வந்தபோது தச்சர் கதவைப் பொருத்திக்கொண்டிருந்தார். வெடிக்குத் துளை போடும் இடம் பார்க்க வந்த அத்தானும் சற்றுத் தள்ளி நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றார் தச்சர், ஆணியைப் பல்லில் கடித்தபடி. "இந்தக் கதவு இறுகினா இழைக்கட்டுமா, இல்ல எல்லாரையும் ஓடச் சொல்லட்டுமா?"

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சற்றுத் தாமதமாக, முகம் காந்த. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துத் திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்தார். நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்தத் தூண் எங்கே?" என்றார்.

அவள் கையை நீட்டிக் குன்றைக் காட்டினாள்.

"காட்டினா போதாது. நடந்து போய்ப் பார்க்கணும்."

"இப்பத்தான் இறங்கி வந்தேன் அத்தான்."

"நான் இன்னும் ஏறலையே."

அவர் முன்னால் நடந்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு. அவள் பின்னால் ஏறினாள்.